முழங்கால் மாற்று ரண சிகிச்சை: சிமெண்டு வேண்டுமா, வேண்டாமா?

கூட்டுறவுச் சங்கங்களை ஆய்வு செய்யச் செல்பவர், கடன் மனுக்களில் எழுதப்பட்டிருக்கும் காரணங்களைக் கொண்டே அவ்வூராரின் சுகதுக்கங்களை ஒருவாறு அறிந்துகொள்ளலாம். விதை, உரம், நூல், கறவை மாடு, பெண்ணின் கல்யாணம், பிள்ளையின் படிப்பு ஆகியவை என்றும் உள்ள காரணங்கள். இவற்றோடு இப்பொழுது மற்றொன்றும் அடிக்கடி காணப்படுகிறது. அதுவே முழங்கால் மாற்று ரண சிகிச்சை. நாற்று நட்டும் களை பறித்தும் மூப்படைந்தவர்களும், குழித்தறியில் மிதி மிதித்து மூப்படைந்தவர்களும் நம் அங்கத்தினருள் மிகப் பலர். ஆகவே இது வியப்புக்குரியதன்று.

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்றில் நான் ஆய்வுக்கு அமர்ந்திருந்தபோது, அறுபத்து மூன்று வயதுடைய அம்மையார் ஒருவர் கைத்தடி ஊன்றி வந்து நகைக்கடன் மேஜையின் முன் நின்றார். நாற்பது ஆண்டுகள் நடவுக்குச் சென்றவர். கணவர் தறி நெய்பவர். முழங்கால் சிகிச்சைக்கெனத் தம் வளையல்களை அவர் முன்னரே அடகு வைத்துப் பணம் பெற்றிருந்தார். அன்று கழுத்துச் சங்கிலியையும் அடகு வைக்க வந்திருந்தார். காரணம் கேட்டபோது, "ஐயா, சிமெண்டு வைத்துச் செய்தால் பத்து வருஷத்தில் உதிர்ந்து போகுமாம். சிமெண்டு இல்லாத புது மூட்டு என்றால் ஆயுசுக்கும் இருக்குமாம். அதற்கு மேற்கொண்டு பணம் கட்ட வேண்டுமாம். நீங்கள் படித்தவர்கள், எது நல்லது என்று சொல்லுங்கள்" என்றார்.

எனக்கு அப்போது விடை தெரியவில்லை. "இரண்டு வாரம் பொறுங்கள் அம்மா, சங்கிலி கழுத்திலேயே இருக்கட்டும்" என்று மட்டும் கூறினேன். பின்னர் எலும்பு வைத்திய நிபுணர் ஒருவரைக் கேட்டும், நூல்களைப் படித்தும் அறிந்துகொண்டவற்றை, இக்கேள்வி எழக்கூடிய ஏனைய அங்கத்தினர்களுக்கும் பயன்படும் என்னும் எண்ணத்தால் இங்கு எழுதுகிறேன்.

மூட்டு தேய்வது ஏன்?

தொடை எலும்பின் அடிமுனையும் கீழ்க்கால் எலும்பின் மேல்முனையும் கூடும் இடமே முழங்கால். இவ்விரு முனைகளின் மேலும் வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. எண்ணெயிட்ட அச்சுப் போல் மூட்டு ஓசையின்றி மடங்கி நிமிர்வதற்கு இப்போர்வையும், மூட்டினுள் ஊறும் நீருமே காரணம். குருத்தெலும்பில் இரத்தக் குழாய்கள் இல்லை. ஆதலால் தோலில் பட்ட காயம் ஆறுவது போல அதில் பட்ட சேதம் ஆறுவதில்லை. வயது, உடற்பருமன், பழைய காயம், பரம்பரை ஆகியவற்றால் அது தேய்ந்து, எலும்போடு எலும்பு உரசத் தொடங்கும்போது வலியும் வீக்கமும் விறைப்பும் உண்டாகின்றன. தொழிலுக்கும் இதில் பங்கு உண்டு. அமெரிக்காவில் பிரேமிங்ஹாம் என்னும் ஊர் மக்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்து வந்த ஆராய்ச்சியாளர்கள், முழங்காலை மடக்கிப் பாரம் தாங்கி உழைக்கும் தொழிலினருக்கு இந்நோய் மிகுதியாக வருவதை 1991-ம் ஆண்டில் எடுத்துக் காட்டினர்.

இந்நோய்க்கு ரண சிகிச்சை முதற்படி அன்று, கடைசிப் படி. தொடையின் முன்புறத் தசையை வலுப்படுத்தும் பயிற்சி, எடைக் குறைப்பு, வலியுள்ள காலுக்கு எதிர்க் கையில் கைத்தடி, அளவான மருந்து ஆகியவற்றை முதலில் கைக்கொள்ள வேண்டும். உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடிக்கும் முழங்கால் தாங்கும் பாரம் ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது என்று 2005-ம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி கூறுகிறது. இவையெல்லாம் செய்தும் இரவில் தூக்கமும் பகலில் நடையும் கெட்டுப்போனவர்களுக்கே மூட்டு மாற்றம் உரியது.

சிமெண்டு வந்த வரலாறு

செயற்கை மூட்டைச் செய்வது ஒரு காரியம். அதனை எலும்பில் அசையாமல் நிலைநிறுத்துவது மற்றொரு காரியம். பின்னதே கடினமானது. 1890-ம் ஆண்டில் பெர்லின் நகரில் தெமிஸ்டாகிளிஸ் குளுக் என்னும் வைத்தியர், யானைத் தந்தத்தால் கீல் போன்ற முழங்கால் மூட்டைச் செய்து பொருத்தினார். காசநோயால் கெட்ட மூட்டுகளில் அவை பொருத்தப்பட்டமையால், கிருமி தாக்கி நிலைக்காமற் போயின.

அதன்பின் நெடுங்காலம் கழித்து, இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியிலுள்ள ரைட்டிங்டன் ஆஸ்பத்திரியில் ஜான் சார்ன்லி என்பவர் இடுப்பு மூட்டு மாற்றத்தில் ஈடுபட்டார். பல் வைத்தியர்கள் உபயோகித்து வந்த அக்ரிலிக் என்னும் பொருளை, 1958-ம் ஆண்டு வாக்கில் எலும்புக்கும் உலோகத்துக்கும் இடையே இட்டு நிரப்பினார். இதுவே எலும்புச் சிமெண்டு எனப்படுவது. வீடு கட்டும் சிமெண்டுக்கும் இதற்கும் பெயரைத் தவிர உறவில்லை. பொடியையும் திரவத்தையும் ஒன்றாகப் பிசைந்தால் மாவு போலாகி, பத்துப் பதினைந்து நிமிஷங்களில் சூடு பிறந்து இறுகிவிடும். இது பசையும் அன்று. கம்பத்தைக் குழியில் நட்டுச் சுற்றிலும் காரை இட்டு இறுக்குவது போல, எலும்பின் நுண்ணிய துளைகளினுள் புகுந்து இறுகி, செயற்கை மூட்டைப் பிடித்துக்கொள்கிறது.

அதே ஆஸ்பத்திரியில் பிராங்க் கன்ஸ்டன் என்னும் கனடா நாட்டவர், 1968-ம் ஆண்டில் சிமெண்டு இட்ட முழங்கால் மூட்டைப் பொருத்தினார். 1974-ம் ஆண்டில் நியூயார்க் நகரில் ஜான் இன்சால், இந்தியாவில் பிறந்த சித்தரஞ்சன் ரணாவத், பொறியியலாளர் பீட்டர் வாக்கர் ஆகியோர் ஆக்கிய மூட்டே பின்னர் வந்தவற்றுக்கெல்லாம் முன்மாதிரியாயிற்று. பிரதமராயிருந்த வாஜ்பாய் அவர்களுக்கு 2000-ம் ஆண்டில் மும்பையில் முழங்கால் மாற்றியவரும் இந்த ரணாவத் அவர்களே.

முழங்காலை முழுவதும் வெட்டி எடுத்து வேறொன்றை வைப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. தேய்ந்த முனைகளைச் சில மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவி, தொடை எலும்புக்கு உலோகக் கவசமும், கீழ்க்கால் எலும்புக்கு உலோகத் தட்டும் பொருத்தி, இரண்டுக்கும் இடையே வழவழப்பான பாலிதீன் தகடு ஒன்றை வைக்கிறார்கள். சிமெண்டு இடும் இடம், எலும்பும் உலோகமும் சேரும் இடமே.

எலும்பே பற்றிக்கொள்ளும் முறை

சிமெண்டு இல்லாத முறையின் வேர் சுவீடன் தேசத்தில் உள்ளது. 1952-ம் ஆண்டு வாக்கில் பெர் இங்வர் பிரானெமார்க் என்பவர், முயலின் கால் எலும்பில் டைட்டானியம் என்னும் உலோகத்தாலான சிறு கருவியை வைத்து இரத்த ஓட்டத்தை ஆராய்ந்தார். ஆராய்ச்சி முடிந்தபின் கருவியை எடுக்க முயன்றபோது, எலும்பு அதனோடு ஒன்றிப் போயிருந்ததைக் கண்டார். அந்த அறிவைக் கொண்டு 1965-ம் ஆண்டில் மனிதருக்குச் செயற்கைப் பல் வேர் பதித்தார். இதே உண்மையே பிற்காலத்தில் முழங்காலுக்கும் பயன்பட்டது.

இம்முறையில் உலோகத்தின் எலும்பைத் தொடும் பக்கம் வழவழப்பாக இராமல், கடற்பஞ்சு போலத் துளைகள் நிறைந்ததாக இருக்கும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பகுத்தால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். இத்துளைகள் ஏறக்குறைய 100 முதல் 400 மைக்ரான் அகலமுள்ளவை. எலும்பைச் சிறிது இறுக்கமாக இருக்கும்படி சீவி, மூட்டை அதில் அடித்துப் பொருத்துகிறார்கள். அடுத்த சில வாரங்களிலும் மாதங்களிலும் புதிய எலும்பு அத்துளைகளினுள் வளர்ந்து உலோகத்தைப் பற்றிக்கொள்கிறது.

விவசாய அங்கத்தினர்களுக்கு இதனை விளக்குவது எளிது. மாஞ்செடியில் ஒட்டுக் கட்டும்போது, ஒட்டுக் குச்சி அசையாதபடி இறுகக் கட்டுகிறோம். அசைந்தால் ஒட்டுப் பிடிப்பதில்லை. இங்கும் அவ்வாறே. உலோகத்துக்கும் எலும்புக்கும் இடையே உள்ள அசைவு 50 மைக்ரானுக்கு உட்பட்டிருந்தால் எலும்பு வளர்ந்து பற்றும். 150 மைக்ரானுக்கு மேற்பட்டால், எலும்புக்குப் பதிலாக நார் போன்ற சதையே வளரும். அதற்குப் பிடிப்பில்லை, மூட்டு ஆடத் தொடங்கும். 150 மைக்ரான் என்பது இரண்டொரு தலைமயிரின் கனமே. ஆகவே சிமெண்டு இல்லாத மூட்டின் வெற்றி அதன் விலையில் இல்லை. எலும்பின் உறுதியிலும், சீவும் கையின் துல்லியத்திலும், முதற்சில வாரங்களின் அசையாமையிலும் இருக்கிறது.

சிமெண்டின் மேல் விழுந்த பழி

1970, 1980 ஆகிய பத்தாண்டுகளில், மாற்று மூட்டைச் சுற்றிய எலும்பு சில நோயாளிகளுக்கு அரிக்கப்பட்டுப் போவதை வைத்தியர்கள் கண்டனர். சிமெண்டின் துகள்களே இதற்குக் காரணம் என்று கருதி, இதற்குச் 'சிமெண்டு நோய்' என்றே பெயரிட்டனர். சிமெண்டை ஒழித்தால் நோய் ஒழியும் என்னும் நம்பிக்கையோடு, 1980-ம் ஆண்டு தொடங்கிச் சிமெண்டு இல்லாத முழங்கால்கள் பல வெளிவந்தன.

நடந்தது வேறு. சிமெண்டே வைக்காத மூட்டுகளிலும் அதே அரிப்பு காணப்பட்டது. உண்மைக் குற்றவாளி பெரும்பாலும் இடையிலுள்ள பாலிதீன் தகட்டிலிருந்து தேய்ந்து உதிரும் நுண்துகள்களே என்பது பின்னர் தெளிவாயிற்று. அக்காலத்துச் சிமெண்டு இல்லாத மூட்டுகளில் வேறு குறைகளும் இருந்தன. உலோக முதுகு வைத்த சில்லு எலும்புத் தகடுகள் விரைவில் கெட்டன. கீழ்த்தட்டைப் பிடித்த திருகாணிகளின் துளை வழியே துகள்கள் எலும்பினுள் இறங்கின. ஆகவே பெரும்பாலான வைத்தியர்கள் சிமெண்டுக்கே திரும்பினர்.

இப்பொழுது நிலைமை மீண்டும் மாறியிருக்கிறது. பாலிதீன் தகடு முன்னிலும் உறுதியாகச் செய்யப்படுகிறது. டாண்டலம் என்னும் உலோகத்தாலும், அடுக்கடுக்காக அச்சிட்டுச் செய்யப்படும் டைட்டானியத்தாலும், இயற்கை எலும்பை ஒத்த துளையமைப்பை உண்டாக்க முடிகிறது. அமெரிக்காவில் சிமெண்டு இல்லாத முழங்கால்களின் விகிதம் ஆண்டுதோறும் ஏறி வருவதற்கு இதுவே காரணம். ஆயினும் இங்கிலாந்தில் பொருத்தப்படும் முழு முழங்கால்களுள் மிகப் பெரும்பாலானவை இன்றும் சிமெண்டு இட்டவையே.

பதிவேடு என்ன சொல்கிறது?

கணக்கைப் பாராமல் ஒரு சங்கத்தை நல்லதென்றோ கெட்டதென்றோ கூறலாகாது. மூட்டுக்கும் அது பொருந்தும். 1975-ம் ஆண்டில் சுவீடன் தேசத்து வைத்தியர்கள், நாட்டில் பொருத்தப்படும் ஒவ்வொரு முழங்காலையும் ஒரே பதிவேட்டில் எழுதத் தொடங்கினர். எந்த மூட்டு, எந்த ஆண்டில், எவ்வளவு காலம் நின்றது, ஏன் மாற்றப்பட்டது என்பன யாவும் அதில் ஏறின. தம் குறைகளையும் ஒளிக்காமல் ஒரு பொதுக் கணக்கில் பதிந்த இச்செயல், கூட்டுறவின் உயர்ந்த உதாரணம் எனலாம். பின்லாந்து, நார்வே, ஆஸ்திரேலியா, இங்கிலாந்து முதலிய நாடுகளும் இவ்வழியைப் பின்பற்றின.

ஆஸ்திரேலியா, பின்லாந்து ஆகிய நாடுகளின் பதிவேடுகளை ஆராய்ந்து 2019-ம் ஆண்டில் வெளியிட்ட கணக்கின்படி, மாற்றப்பட்ட முழு முழங்கால்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 82, இருபத்தைந்து ஆண்டுகள் நிலைத்து நிற்கின்றன. பின்லாந்தில் சிமெண்டு இடுவதே பெருவழக்கு. பத்து ஆண்டில் சிமெண்டு உதிர்ந்துவிடும் என்பது உண்மையாயின், இக்கணக்கு வந்திராது.

கொரியா தேசத்தில் மற்றொரு நேர்மையான சோதனை செய்தனர். ஒரே நபரின் ஒரு முழங்காலுக்குச் சிமெண்டு இட்டும், மற்றொன்றுக்கு இடாமலும் பொருத்திப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல் கவனித்தனர். 2011-ம் ஆண்டில் வெளியான முடிவில், இரு கால்களுக்குமிடையே குறிப்பிடத்தக்க வேற்றுமை காணப்படவில்லை.

வேற்றுமை தோன்றுவது வயதில். எழுபது வயதுக்கு மேல் முழங்கால் மாற்றிக்கொண்டவர்களுள், வாழ்நாளில் மீண்டும் ரண சிகிச்சை தேவைப்படுவோர் நூற்றுக்கு ஐவரே. ஐம்பது முதல் ஐம்பத்து நான்கு வயதுக்குள் மாற்றிக்கொண்ட ஆண்களுள் அத்தொகை முப்பத்தைந்து வரை உயரக்கூடும் என்று இங்கிலாந்தில் 2017-ம் ஆண்டு வெளியான ஆராய்ச்சி கூறுகிறது. மூட்டு நெடுங்காலம் உழைக்க வேண்டிய இளையவர்களுக்கே, எலும்பு தானே பற்றிக்கொள்ளும் முறையில் வைத்தியர்கள் நம்பிக்கை வைக்கின்றனர். உயிருள்ள எலும்பின் பிடிப்பு தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் என்பது அந்நம்பிக்கையின் அடிப்படை. மேலும், மறுபடி மாற்ற நேர்ந்தால் பழைய சிமெண்டைச் சுரண்டி எடுக்க வேண்டிய தொல்லையும் அதில் இல்லை.

யாருக்கு எது?

உறுதியான எலும்பும், இளைய வயதும், உழைக்கும் உடலும் உடையவருக்குச் சிமெண்டு இல்லாத முறை ஏற்றதாகலாம். எலும்பு மெலிந்தவர்களுக்கும், எலும்பில் பெரும் பள்ளம் விழுந்தவர்களுக்கும் சிமெண்டே பெரிதும் ஏற்றது. மாதவிடாய் நின்றபின் பெண்களுக்கு எலும்பு மெலிவது பொதுவாகக் காணப்படுவது என்பதை இங்கு நினைவிற் கொள்ள வேண்டும். சிமெண்டு இட்ட மூட்டு, நோயாளி மேஜையை விட்டு இறங்குவதற்கு முன்னரே உறுதி பெற்றுவிடுகிறது. கிருமியைத் தடுக்கும் மருந்தையும் அதிலேயே கலந்து இடலாம்.

எம்முறையாயினும் சில உண்மைகள் பொது. சிகிச்சைக்குப் பின் வலி பெரும்பாலோருக்கு நன்கு குறைகிறது. ஆனால் ஐவரில் ஒருவர் முழுத் திருப்தி அடைவதில்லை என்று பல ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. சிலருக்குக் கிருமி தாக்குதலும் நேர்வதுண்டு. சம்மணமிட்டு உட்காருவதும், குந்தி அமர்வதும் பெரும்பாலோருக்கு இயலாதவை அல்லது தகாதவை. வயலில் இறங்கி நடவு செய்பவரும், தரையளவில் அமர்ந்து தறிக்குழியில் கால் விடுபவரும், தம் தொழிலை வைத்தியரிடம் நடித்துக் காட்டியேனும் விளக்கி, திரும்ப அதைச் செய்ய இயலுமா என்று கேட்பது அவசியம். நாற்காலி, உயரமான கழிப்பிடம் ஆகியவற்றுக்கு வீட்டில் முன்னரே ஏற்பாடு செய்துகொள்வது நலம்.

கடன் எழுதுமுன் கேட்க வேண்டியவை

நகையை எடுத்துக்கொண்டு சங்கத்துக்கு வருமுன், ரண சிகிச்சை செய்யும் வைத்தியரையே நேரில் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். முதலாவது, பயிற்சியும் மருந்தும் இனிப் பயன்படா என்பது உறுதியா? இரண்டாவது, என் எலும்பின் உறுதி எவ்வாறு இருக்கிறது? மூன்றாவது, எனக்கு எந்த முறையைத் தேர்ந்தீர்கள், ஏன்? நான்காவது, அம்முறையில் தாங்கள் எவ்வளவு காலமாகப் பழகியிருக்கிறீர்கள்? கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. நல்ல வைத்தியர் இக்கேள்விகளை வரவேற்பார்.

செலவைப் பற்றியும் ஒரு சொல். 2017-ம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் மத்திய அரசின் மருந்து விலை நிர்ணய ஆணையம், முழங்கால் மூட்டுகளுக்கு விலை உச்சவரம்பு விதித்தது. கோபால்ட்டு குரோமியத்தாலான சாதாரண மூட்டுக்கு 54,720 ரூபாயும், டைட்டானியம் முதலிய சிறப்பு உலோகத்தாலானவற்றுக்கு 76,600 ரூபாயும், வரி நீங்கலாக, அப்போது நிர்ணயிக்கப்பட்டன. இது மூட்டின் விலைக்கு மட்டுமே உரியது. ஆஸ்பத்திரிச் செலவு தனி. மூட்டின் பெயர், விலை ஆகியவற்றை ரசீதில் தனியே காட்டவேண்டும் என்பதும் அவ்வாணையின் பகுதி. ஆகவே அன்றைய உச்சவரம்பைக் கேட்டறிந்து, ரசீதைச் சரிபார்க்கத் தவறலாகாது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் அரசு ஆஸ்பத்திரிகளில் முழங்கால் மாற்றுச் சிகிச்சை நடந்து வருகிறது. திட்ட அட்டை உடையவர்கள் முதலில் அங்கு விசாரித்து, அதன்பின் கடனைப் பற்றி எண்ணுவதே முறை.

அந்த அம்மையார் இக்கேள்விகளை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு தம் மகனுடன் வைத்தியரிடம் சென்றார். எலும்பைப் பரிசோதித்த வைத்தியர், "உங்கள் எலும்பு மெலிந்திருக்கிறது அம்மா, சிமெண்டு வைப்பதே உங்களுக்குப் பாதுகாப்பு" என்று கூறினாராம். பத்து ஆண்டில் உதிரும் என்று சொன்னவர் வைத்தியர் அல்லர். ஆஸ்பத்திரி வாசலில் அறிமுகமான யாரோ ஒருவர் என்பதும் அப்போதுதான் தெரியவந்தது. இரண்டாவது அடகுச் சீட்டு எழுதப்படவில்லை.

ஆறு மாதங்களுக்குப் பின் அதே சங்கத்துக்கு மீண்டும் சென்றேன். அவர் கைத்தடியின்றி நடந்து வந்து, வளையல் கடனுக்கு ஒரு தவணை கட்டினார். நடவுக்குப் போவதில்லை, கணவருக்குத் தார் சுற்றிக் கொடுக்கிறார், நாற்காலியில் அமர்ந்து. மற்றொரு முழங்கால் இன்னும் வலிக்கிறது என்றார். அதற்கு இப்போதைக்கு ரண சிகிச்சை வேண்டாம், பயிற்சியே போதும் என்று வைத்தியர் கூறியிருக்கிறாராம்.

புதியது என்பதற்காக ஒன்றைக் கொள்ளவும் வேண்டாம். பழையது என்பதற்காக ஒன்றைத் தள்ளவும் வேண்டாம். தம் எலும்புக்கு எது பொருந்துமோ அதனைக் கேட்டறிந்து, தம் கைப்பொருளுக்கு அடங்கக் கடன் பெறுவார்களாயின், அங்கத்தினர்களின் காலும் நிலைக்கும், குடும்பமும் நிலைக்கும்.